இரண்டாவது கையெழுத்து

எங்கள் ஊர்க் கத்தோலிக்க ஆலயத்தின் பங்குத் திருவிழாவில், ஒன்பதாம் நாள் மாலையில், தேரை வெளியே எடுப்பதற்குச் சற்று முன்னதாக, என் தந்தை ஒரு டார்ச் விளக்கையும் குறடு ஒன்றையும் எடுத்துக்கொண்டு தேரின் அடியில் குனிந்து நுழைவார். அச்சாணிகளையும், சக்கரங்களைத் தாங்கும் நட்டுகளையும், மாதா சுரூபத்தைப் பீடத்தோடு பிணைத்திருக்கும் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பிறகே வெளியே வருவார். ஆலயத்துப் பிள்ளைகள் அவரை "பிளேன் மாமா" என்று அழைப்பார்கள். இந்திய விமானப்படையில் 20 ஆண்டுகள் விமானங்களைப் பழுதுபார்த்த அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாட்களாக நினைத்திருந்தேன்.

கன்னியாகுமரி மாவட்டத்து இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர் என் தந்தை. பாட்டாவுக்குக் கொஞ்சம் தென்னையும் ஒரு துண்டு மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு)த் தோட்டமும் இருந்தன. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு 1984-இல் விமானப்படையில் சேர்ந்தார். பெல்காமில் அடிப்படைப் பயிற்சியும் தாம்பரத்தில் தொழிற்பயிற்சியும் பெற்று, ஏர்ஃபிரேம் ஃபிட்டர் ஆனார். விமானத்தின் உடல், சக்கரங்கள், ஹைட்ராலிக் குழாய்கள், இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பகுதிகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கம்பிகள் ஆகியவை அந்தத் தொழிலுக்கு உரியவை. எஞ்சினுக்கு வேறு ஆட்கள் உண்டு. அவர் சேர்ந்த அதே ஆண்டில்தான் ஏஎன்-32 என்னும் இரட்டை எஞ்சின் சரக்கு விமானங்களும் நம் விமானப்படைக்கு வரத் தொடங்கின. அந்த விமானங்களோடுதான் அவருடைய பணிக்காலம் பெரும்பாலும் கழிந்தது. ஆக்ராவில் கோடைக்காலத்து நண்பகலில் இறக்கையின் மேல் ஏறினால் முட்டிக்குக் கீழே சாக்கு விரித்துக்கொள்ளாமல் உட்கார முடியாது என்று சொல்லியிருக்கிறார்.

அவருடைய தொழிலில் எனக்கு நேரடியாகத் தெரிந்த ஒரே வேலை, லாக்கிங் வயர் கட்டுவது. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, எங்கள் கிணற்றுக் கப்பியைத் தாங்கும் போல்ட்டுகளை வைத்து அதைக் கற்றுக்கொடுத்தார். போல்ட்டின் தலையில் குறுக்காக ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே மெல்லிய எஃகுக் கம்பியைச் செலுத்தி, இரண்டு இழைகளையும் சேர்த்து முறுக்கி, பக்கத்துப் போல்ட்டின் துளையில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். வழக்கமான தடிமனுள்ள கம்பிக்கு ஓர் அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்குகள் வேண்டும். கூடுதலாக முறுக்கினால் கம்பி விறைத்து ஒடிந்துபோகும்; குறைவாக முறுக்கினால் அதிர்வில் ஆடித் தேய்ந்துவிடும். போல்ட் தளர முயன்றால், கம்பி அதை இறுகும் பக்கமாகவே இழுக்கும்படி கட்டுவதுதான் இதன் உயிர்நாடி. நான் முதலில் கட்டியது தலைகீழாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் கம்பியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய கம்பியைக் கொடுத்தார், ஒருமுறை கட்டிய கம்பியை மறுபடியும் பயன்படுத்தக் கூடாது என்பதால். கடைசியில் முனையை உள்பக்கமாக மடக்கச் சொன்னார். நாளை அந்த இடத்தில் கையை விடுகிற யாரோ ஒருவருடைய விரல் கிழிந்துவிடக் கூடாது என்றார்.

விமானம் ஒவ்வொன்றுக்கும் ஃபார்ம் 700 என்று ஒரு பதிவேடு உண்டு. செய்த வேலையை எழுதி, செய்தவர் அதில் கையெழுத்திட வேண்டும். அதைப் படித்து விமானியும் கையெழுத்திட்ட பிறகுதான் விமானம் புறப்படும். கட்டுப்பாட்டுக் கம்பிகளைத் தொட்ட வேலையென்றால் ஒருவர் கையெழுத்து போதாது. வேலை செய்யாத இன்னொருவர் தனியாக வந்து, முதலில் இருந்து எல்லாவற்றையும் சோதித்து, இரண்டாவது கையெழுத்தை இட வேண்டும். அப்பா பல ஆண்டுகள் அந்த இரண்டாவது கையெழுத்துக்கு உரியவராக இருந்தார். அது முதல் கையெழுத்தைவிடக் கனமானது என்பது அவருடைய எண்ணம். வேலை செய்தவருக்குத் தன் வேலையின்மேல் நம்பிக்கை இருக்கும், சோதிக்கிறவருக்கு அந்த நம்பிக்கை இருக்கவே கூடாது என்பார். கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு அவர் ஒருநாளும் கையெழுத்திட்டதில்லை. கையை உள்ளே விட்டு, ஒவ்வொரு முடிச்சையும் விரலால் தடவிப் பார்ப்பார்.

வேலையைத் தொடங்கும் முன்பு கருவிப் பெட்டியின் மேல் கைவைத்துச் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வார். விமானம் விழாமல் இருக்க ஜெபித்தீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "என் கை சோம்பப்படக் கூடாதுன்னுதான் கேப்பேன் மக்கா" என்றார். எங்கள் வீட்டில் ஒவ்வொரு மாலையும் ஜெபமாலையின் முடிவில் தேவமாதா பிரார்த்தனை சொல்லுவோம். அந்தப் பிரார்த்தனை இத்தாலியில் உள்ள லொரேத்தோ திருத்தலத்தின் பெயரால் வழங்குவது என்றும், வானதூதர்கள் மாதாவின் வீட்டை அங்கே சுமந்துவந்தார்கள் என்ற நம்பிக்கையால் திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் 1920-இல் லொரேத்தோ மாதாவை விமானப் பயணிகளுக்கும் விமானிகளுக்கும் பாதுகாவலியாக அறிவித்தார் என்றும் வடக்கே ஒரு குருவானவர் அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தப் பிரார்த்தனையை அவர் அவசரமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "விடியற்காலத்தின் நட்சத்திரமே" என்னும் இடத்தில் அவர் குரல் சற்றே தாழும். விடியலில் புறப்படும் விமானங்களுக்காக அவர் விழித்திருந்த இரவுகள் எத்தனை என்று எனக்குத் தெரியாது.

பாட்டாவையும் பாட்டியையும் தனியே விட முடியாததால் நாங்கள் ஊரிலேயே இருந்தோம். ஆண்டு விடுமுறையை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கென்று ஒதுக்கிவைப்பார். டிசம்பர் 3-ஆம் தேதிக்கு முன்பாக எப்படியும் ஹிமசாகர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிவிடுவார். தேருக்கு உப்பும் நல்லமிளகும் போடுவதற்கு அவர் தோளில் உட்கார்ந்து போன நினைவு இன்றும் இருக்கிறது. திரும்பிப் போகும்போது அம்மா நேந்திரங்காய் சிப்ஸை ஒரு டின் நிறையக் கட்டிக் கொடுப்பார். மற்ற நாட்களில், இரவு 11 மணிக்கு மேல் கட்டணம் குறையும் நேரத்தில், பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பார். நாங்கள் தூக்கக் கலக்கத்தோடு போய்ப் பேசுவோம்.

1997-இல் எனக்குப் புதுநன்மை, அதாவது முதன்முறையாக நற்கருணை வாங்கும் நாள். பயணச்சீட்டு எடுத்தாயிற்று, விடுமுறையும் கிடைத்தாயிற்று. அவர் அப்போது இருந்த தளத்தில், கிளம்ப வேண்டிய நாளன்று காலையில், கருவிப் பலகையில் ஒரு திருப்புளியின் (ஸ்க்ரூடிரைவர்) இடம் காலியாக இருந்தது. அந்தப் பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை வரைந்திருப்பார்கள். ஒன்று குறைந்தால் அந்த உருவம் வெறுமையாகத் தெரியும். கருவி கிடைக்கும்வரை அந்த விமானம் பறக்கக் கூடாது. தவறவிட்டது புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞன். அப்பாவை யாரும் நிற்கச் சொல்லவில்லை. போய்வாருங்கள் என்றுதான் மேலதிகாரியும் சொல்லியிருக்கிறார். முந்தின நாள் மாலையில் கருவிகள் அனைத்தும் திரும்பி வந்தன என்று எழுதிய தாளில் இரண்டாவது கையெழுத்து அப்பாவுடையது. பலகையில் தொங்கிய வரிசையைத் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு, தொடாமல் கையெழுத்திட்ட ஒரே நாள் அது என்று பின்னாளில் அம்மாவிடம் சொன்னாராம். கண்ணால் மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டதே இல்லை என்று மேலே எழுதினேன். கருவிக் கணக்கில் இந்த ஒன்று மட்டும் விலக்கு. அதை அவரே மறைக்காமல் சொல்லுகிறவர் என்பதால் நானும் மறைக்கவில்லை.

ரயில் போய்விட்டது. இரண்டரை நாட்கள் விமானத்தின் தளப் பலகைகளைக் கழற்றித் தேடினார்கள். வாலை நோக்கிப் போகும் கட்டுப்பாட்டுக் கம்பி ஒன்று கப்பியில் சுற்றித் திரும்பும் இடத்தின் அருகே, விளக்கொளி எட்டாத ஒரு மடிப்பில், அப்பாவின் விரலில் அது தட்டுப்பட்டது. அது நகர்ந்து கப்பிக்குள் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் எங்களுக்கு விளக்கியதே இல்லை. அதற்குள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஊர்வந்து சேர வழியில்லாமல் போயிற்று.

"ஒரு திருப்புளிக்கு வேண்டியா பிள்ளைக்க புதுநன்மைக்கு வராம இருந்திய?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டது பக்கத்து வீடு முழுவதும் கேட்டது. எனக்கும் அந்த வருத்தம் நெடுநாள் இருந்தது. அம்மாவின் பக்கமே நியாயம் என்று நான் வளர்ந்த பிறகும் வாதிட்டிருக்கிறேன். ஒரு மாதம் கழித்து வந்த அப்பா, அதே வெள்ளைக் கவுனை உடுத்தச் சொல்லி, திங்கள்சந்தையில் ஒரு ஸ்டூடியோவுக்கு என்னை அழைத்துப் போனார். அந்தப் படம் எங்கள் முன்னறையில் தொங்குகிறது. மற்றப் பிள்ளைகளின் படங்களில் மெழுகுதிரி முழுதாக இருக்கும். என் கையில் இருப்பது பாதி எரிந்தது.

அவர் 2004-இல் ஓய்வுபெற்றார். 2016 ஜூலை 22-ஆம் தேதி, தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏஎன்-32 விமானம் ஒன்று 29 பேரோடு வங்கக்கடலின் மேல் காணாமற்போனது. அன்று மாலை எங்கள் வீட்டில் தொலைக்காட்சியை யாரும் அணைக்கவில்லை. விமானத்தின் எண்ணை இரண்டு நாட்கள் கழித்துப் பழைய நண்பர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த எண்ணைப் பற்றி எங்களிடம் இதுவரை எதுவும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் 29 ஆன்மாக்களுக்காகப் பூசைக்குக் கொடுக்கிறார். 2024 ஜனவரியில், சென்னைக் கரையில் இருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கண்டறியப்பட்ட செய்தி வந்தபோது, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, நேரம் ஆகும் முன்பே ஜெபமாலையை எடுத்துக்கொண்டு குருசடிக்கு, சிலுவை நிறுவிய சிற்றாலயத்துக்கு, போய்விட்டார்.

சென்ற திருவிழாவில் அவருடைய முட்டி வலியால் தேரின் அடியில் குனிய முடியவில்லை. பங்கில் இரண்டு இளைஞர்கள் போல்ட்டுகளை முறுக்கி, கம்பியும் கட்டி முடித்திருந்தார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டு டார்ச்சைக் கையில் கொடுத்தார். வெளியே ஜெபமாலை தொடங்கியிருந்தது. நான் மண்ணில் மல்லாந்து படுத்து, அச்சில் இருந்து ஒவ்வொரு போல்ட்டாகத் தடவிக்கொண்டே போனேன். இடதுபக்கம் பின்சக்கரத்தில் ஒரு கம்பியின் முனை மடக்கப்படாமல் என் விரலைக் கீறியது. அதை உள்பக்கமாக மடக்கிவிட்டேன்.

"பாத்தியா மக்கா?" என்று வெளியே இருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"பாத்தேன் அப்பா."

"தொட்டுப் பாத்தியா?"

தொட்டேன் என்று சொன்ன பிறகுதான் வடத்தைப் பிடிக்கச் சொல்லிக் கையசைத்தார்.