மூன்றாவது சுற்றுக்காகப் பயிற்சி செய்தல்

ஒரு மைல் என்பது 1609.34 மீட்டர். 400 மீட்டர் ஓட்டப்பாதையின் உள் தடத்தில் நான்கு சுற்று ஓடி முடித்த பிறகும் 9.34 மீட்டர் மிச்சம் இருக்கும் என்பதால், முடிவுக் கோட்டுக்கு அவ்வளவு தூரம் பின்னால் தள்ளி நின்றுதான் புறப்பட வேண்டும். ஆறு நிமிடத்தில் மைலை முடிக்க நினைப்பவருக்கு அந்தத் துண்டு தூரமே இரண்டு நொடிக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்ளும். எஞ்சிய நான்கு சுற்றுகளையும் தலா 89.4 நொடியில் முடித்தாக வேண்டும். பயிற்சியாளர் எவரும் இல்லாமல், 6 நிமிடம் 20 நொடியிலிருந்து ஆறு நிமிடத்துக்குக் கீழே இறங்க முயன்றுவரும் எனக்கு இந்த 89.4 என்ற எண் மனப்பாடம்.

இந்த நான்கு சுற்றுகளில் முதலாவதை ஆர்வமே ஓடிக் கொடுத்துவிடும். இரண்டாவதில் தாளம் பிடிபட்டுவிடும். நான்காவதில் முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிவதால் எங்கிருந்தோ கொஞ்சம் தெம்பு வரும். மூன்றாவது சுற்றுக்குத்தான் இப்படி எந்தத் துணையும் கிடையாது. மூச்சு இரைக்கத் தொடங்கியிருக்கும், தொடைகள் கனத்திருக்கும், முடிவோ இன்னும் வெகு தொலைவில் இருக்கும். ஆங்கிலேய ஓட்டவீரர் ரோஜர் பேனிஸ்டர் 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்ளி ரோடு மைதானத்தில் 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடி, மைலுக்கான நான்கு நிமிடத் தடையை முதன்முதலாக உடைத்தபோது அவருடைய சுற்றுகள் 57.5, 60.7, 62.3, 58.9 நொடிகள். முன்னால் ஓடி வேகத்தை நிலைநிறுத்தித் தர பிராஷர், சாட்டவே என்ற இரண்டு தோழர்கள் இருந்தும், அவருக்கும் மூன்றாவது சுற்றுதான் மிக மெதுவாக அமைந்தது. ஆகவே என் பயிற்சி முழுவதையும் அந்த ஒரு சுற்றை நோக்கித் திருப்பிவிட்டேன்.

அதற்கு முதல் தேவை, கேட்க விந்தையாக இருந்தாலும், மெதுவான ஓட்டம். மைல் ஓட்டத்தைப் பலரும் நீட்டிக்கப்பட்ட விரைவோட்டம் என்றே நினைக்கிறார்கள். ஆனால் ஆறு நிமிடம் நீடிக்கும் முயற்சிக்குத் தேவையான ஆற்றலில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் ஆக்சிஜனின் துணையோடு உண்டாவதுதான். அந்தத் திறன் வளர்வது முழு வாக்கியங்களில் தடையின்றிப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் சேர்க்கும் கிலோமீட்டர்களால். என் அளவில் அது கிலோமீட்டருக்கு ஐந்தரை முதல் ஆறு நிமிடம். வாரத்தின் பெரும்பாலான ஓட்டங்கள் இந்த வேகத்தில்தான் நடக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் சற்று நீளமானது. இவற்றைப் பற்றி எழுத அதிகம் ஒன்றும் இல்லை, சலிப்பில்லாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

வேகப் பயிற்சி வாரத்துக்கு இரண்டு முறை. ஒன்று, மூச்சு கட்டுக்குள் இருக்கும்படி இருபது நிமிடம் விடாமல் ஓடும் மிதக் கடின ஓட்டம். மற்றொன்றுதான் மைலுக்கே உரியது. தொடக்கத்தில் 200 மீட்டரை எட்டு முறை, ஒவ்வொன்றும் 44.7 நொடியில், இடையில் அதே அளவு நேரம் நடை. உடம்பு அந்த வேகத்துக்குப் பழகியதும் தூரம் 300 ஆகி, பின்னர் 400 ஆகும். இறுதிக் கட்டம் எனக்கு மிகவும் பிடித்ததும் நான் மிகவும் அஞ்சுவதும் ஆகும்: இலக்கு வேகத்தில் நான்கு 400 மீட்டர்கள், இடையில் ஒரே ஒரு நிமிட ஓய்வு. மூன்றாவது ஓட்டத்தின் பின்பாதி, அதாவது 200 மீட்டர் கோட்டைத் தாண்டி வளைவுக்குள் நுழையும் இடம், பந்தயத்தின் மூன்றாவது சுற்றைப் போலவே இருக்கும். அங்கே தோள்கள் காதை நோக்கி ஏறத் தொடங்கும், கைகள் மார்புக்குக் குறுக்கே வீசத் தொடங்கும். அந்த நேரத்தில் கால்களை விரட்டுவதை விட, தோளைத் தளர்த்திக் கைவீச்சை நேராக்குவதே வேகத்தைக் காப்பாற்றுகிறது. நேரம் பார்க்க ஜிபிஎஸ் கைக்கடிகாரத்தின் தூரக் கணக்கை நம்புவதில்லை. வளைவுகளில் அது தடுமாறும், தரையில் வரைந்த கோடுகள் பொய் சொல்வதில்லை.

தனக்குத் தானே பயிற்சியாளராக இருப்பவருடைய உண்மையான வேலை ஊக்குவிப்பது அன்று, தடுத்து நிறுத்துவது. காலையில் கால்கள் துள்ளும்போது 89 நொடியில் ஓட வேண்டியதை 84-இல் ஓடிக் காட்டும் ஆசை எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அப்படி ஓடினால் பழகுவது வேறொரு பந்தயத்தின் வேகம், கூடவே குதிகால் தசைநாரும் முறுக்கிக்கொள்ளும். எனவே பயிற்சியை முந்தைய இரவே நோட்டின் இடப் பக்கத்தில் எழுதிவிடுகிறேன், ஓடி முடித்த நேரங்களை வலப் பக்கத்தில் எழுதுகிறேன். நிறுத்தும் விதியும் இடப் பக்கத்திலேயே இருக்கும்: அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்கள் இரண்டு நொடிக்கு மேல் பின்தங்கினால் அன்றைய பயிற்சி முடிந்தது. களைத்துப்போனவனிடம் முடிவெடுக்கும் பொறுப்பை ஒப்படைக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

பேனிஸ்டரும் கடைசிக் கட்டத்தில் பயிற்சியாளர் ஃபிரான்ஸ் ஸ்டாம்ஃபிலின் ஆலோசனை கிடைக்கும்வரை பெரும்பாலும் தன் பயிற்சியைத் தானே வகுத்துக்கொண்டவர்தான். கால் மைலைப் பத்து முறை, இடையில் இரண்டு நிமிட ஓய்வுடன் ஓடுவது அவரும் அந்த இரண்டு தோழர்களும் செய்த முக்கியப் பயிற்சி. ஒரு கால் மைலுக்கான நேரம் 61 நொடியில் வந்து அசையாமல் நின்றபோது, பேனிஸ்டர் ஓட்டத்தையே விட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்குப் பாறையேறப் போனார். திரும்பி வந்து ஓடியபோது 59 கிட்டியது. பாறையேற்றத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் நேரம் நகர மறுக்கும்போது பயிற்சியைக் கூட்டாமல் குறைத்துப் பார்க்கும் துணிச்சல், பதிவிறக்கிய எந்த அட்டவணையிலும் கிடைக்காது.

அண்மையில் காற்றில்லாத ஒரு மாலையில் முழு மைலையும் ஓடிப் பார்த்ததில் 6 நிமிடம் 8 நொடி வந்தது. சுற்றுகள் 89, 92, 94, 91. எதிர்பார்த்தபடியே இழப்பு மூன்றாவதில்தான், ஆனால் முன்பிருந்ததை விடக் குறைவு. ஒரு நிமிட ஓய்வுப் பயிற்சியை அப்படியே வைத்துக்கொண்டு, முதல் இரண்டு 400-களை மட்டும் 91 நொடிக்கு மெதுவாக்கி, மூன்றாவதை 89-இல் ஓடச் சொல்லி அடுத்த சில வாரங்களுக்கான இடப் பக்கங்களை எழுதி முடித்துவிட்டேன்.