நடுநிலைப்பள்ளியில் முதலுதவி வகுப்பு: அனுமதிக்கு அலைந்த பாடும், பிள்ளைகள் கேட்ட கேள்வியும்

பள்ளிக்கூடத்தில் முதலுதவியும் விபத்துத் தடுப்பும் வன்முறை விழிப்புணர்வும் சொல்லிக்கொடுக்கலாம் என்று யாராவது கிளம்பினால், பாடத்தைத் தயார் செய்வதற்கு முன்னால் ஃபைலைத் தயார் செய்யுங்கள். பிள்ளைகளால் எனக்கு ஒரு கஷ்டமும் வரவில்லை. வந்ததெல்லாம் ஆபீஸ் மேஜையிலிருந்துதான். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். பாம்பு கடித்த இடத்துக்கு மேலே சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டி, கால் கறுத்துப்போய்த் தூக்கிவரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். கொதிக்கிற குழம்பு கொட்டின கையில் பேஸ்ட்டைப் பூசிக் கூட்டிவருகிறார்கள். காய்ந்துபோன அந்தப் பேஸ்ட்டை எடுத்தால்தான் புண்ணின் ஆழம் தெரியும். எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும், பிள்ளை அலறும். வீட்டில் ஒருத்தருக்கு விவரம் தெரிந்திருந்தால் பாதி வேதனை மிச்சம். பெரியவர்களிடம் சொல்லிப் பார்த்தேன், தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகளிடம் சொன்னால் அது வீட்டுக்குப் போகும் என்று 6, 7, 8-ஆம் வகுப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

ஹெச்.எம். டீச்சர் உடனே சம்மதித்தார். ஆனால் வெளியாள் வகுப்புக்குள் வர, வட்டாரக் கல்வி அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும் என்றார். சரியான பேச்சு. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவிகளிடம் அத்துமீறியது தமிழ்நாட்டுக்கே தெரியும். யாரையும் நம்பி உள்ளே விடக்கூடாது, என்னையும் சேர்த்துத்தான். என்னென்ன பேப்பர் வேண்டும் என்பதை ஒரே தடவையில் சொல்லாமல் அலைக்கழித்ததுதான் என் ஆத்திரம்.

முதலில் விண்ணப்பமும் ஆதார் நகலும் போதும் என்றார்கள். கொண்டுபோய்க் கொடுத்தால், "நீங்க கவர்மெண்ட் ஸ்டாஃப்ல்லா, உங்க டிபார்ட்மெண்ட் தடையின்மைச் சான்று எங்க?" என்றார் எழுத்தர். வாங்கிக்கொண்டு போனால் காவல்துறை சரிபார்ப்பு இல்லை என்றார். அதையும் எடுத்துக்கொண்டு நைட் டியூட்டி முடித்த கையோடு பஸ் ஏறிப் போன அன்று எழுத்தர் லீவு. ஃபைல் அவருடைய பீரோவுக்குள், சாவி அவர் பையில். பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கண் எரிச்சலோடு திரும்பி வந்தேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கடைசியில் ஃபைலைப் புரட்டிய எழுத்தர் பாடத்திட்டத்தில் விரலை வைத்துச் சொன்னது இது: "பாம்பு, தீக்காயம், அதோட நிறுத்திக்கோங்க சிஸ்டர். இந்தப் போக்சோ, அடிதடியெல்லாம் சின்னப் பிள்ளைகள்ட்ட எதுக்கு? நாளைக்குப் பெத்தவங்க வந்து நின்னா நாங்கதான் பதில் சொல்லணும். அந்தப் பக்கத்த எடுத்துட்டுப் புதுசா எழுதிக் கொண்டாங்க."

எடுக்க மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். காயத்துக்குக் கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்துவிட்டு, காயம் எங்கிருந்து வந்தது என்று பேசாமல் இருப்பது என்ன நியாயம்? பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012-ஆம் வருடத்துப் போக்சோ சட்டத்துக்கு 2020-இல் விதிகள் வந்தன. அதில் 3-ஆவது விதி, பிள்ளைகளின் வயசுக்கு ஏற்ற தனிப்பட்ட பாதுகாப்புப் பாடத்தை அரசே தயாரிக்க வேண்டும் என்கிறது. பிள்ளைகளோடு புழங்கும் பணியாளர்களுக்குக் காவல்துறை சரிபார்ப்பு வேண்டும் என்பதும் அதே விதிதான். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, இரண்டு இடத்திலும் கோடு போட்டு இணைத்தேன். அதைவிடப் பெரிய காரியம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் போய்ப் பேசினது. அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாடத்தை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். பீடி சுற்றும் ஓர் அம்மா, "இத எங்க காலத்துல யாரும் சொல்லித் தரலயே தாயி" என்றார். தீர்மானம் போட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். பெற்றவர்கள் வந்து நிற்பார்கள் என்றீர்களே, இதோ அவர்கள் கையெழுத்து என்று மேஜையில் வைத்தேன். எழுத்தர் ஒன்றும் பேசவில்லை. கடிதம் வந்தது. அந்தத் தீர்மானம் இல்லாவிட்டால் இன்னும் நடந்துகொண்டுதான் இருப்பேன்.

சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கிச் செய்யும் முதலுதவி, அதைப் பழகும் பொம்மையைப் பற்றி ஒரு வார்த்தை. இரவல் கேட்ட இடத்தில் வெளியே கொடுக்கப் பதிவேட்டில் வழியில்லை என்றார்கள். அதற்காக யாரும் வகுப்பைத் தள்ளிப்போட வேண்டாம். பழைய துணி திணித்த பள்ளிப் பைக்குள் காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மூடி இறுக்கி வையுங்கள். அமுக்கினால் உள்ளே போய் மேலே வரும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கு என்ற வேகமும், முழங்கை மடங்காமல் நிற்பதும் இதிலேயே பழகிவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெரியவர் நெஞ்சை 5 சென்டிமீட்டர் அமுக்கப் பலம் பத்தாது. அவர்கள் கூச்சல் போட்டு ஆள் சேர்க்கவும் 108-ஐக் கூப்பிடவும் கற்றுக்கொண்டால் போதும்.

108 என்றதும் எல்லோருக்கும் நம்பர் தெரியும் என்று கடந்துபோய்விடாதீர்கள். நம்பர் தெரிகிறது, பேசத் தெரிவதில்லை. என் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நான் கண்ட்ரோல் ரூம் மாதிரி கேட்டேன்: "எந்த இடம்?" ஏழாம் வகுப்புப் பையன் சொன்னான், "எங்க வீட்டுப் பக்கத்துல." "எந்த ஊர்?" "எங்க ஊருதான் சிஸ்டர்." வகுப்பே சிரித்தது, ஆனால் ஒருத்தருக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. மாவட்டம், தாலுகா, ஊர், அடையாளத்துக்கு ஒரு கோயிலோ ரேஷன் கடையோ, என்ன நடந்தது, எத்தனை பேர். இந்த வரிசையில் ஒவ்வொருத்தரையும் சொல்லவைத்தேன். மறுமுனையில் வைக்கும்வரை நீ வைக்காதே என்பதையும் சேர்த்து.

பாம்புக்கடியில் பிள்ளைகளுக்கு நல்ல பாம்புதான் தெரிகிறது. இங்கே அதிகம் ஏமாற்றுவது கட்டுவிரியன். ராத்திரி தரையில் படுத்திருக்கும்போது கடிக்கும். வலி பெரிதாக இருக்காது, பல் தடம்கூடத் தெரியாது. விடியக்காலையில் வயிற்று வலி என்று எழுந்த பிள்ளைக்குக் கண் இமை சொருகினால் உடனே ஜி.ஹெச்.தான். கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது. கொலுசு, மோதிரம், அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கடிபட்ட காலை எலும்பு முறிந்த காலைப் போல அசையாமல் வைத்துத் தூக்கிவர வேண்டும். பாயில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டாலே பாதி ஆபத்து போச்சு.

தீக்காயத்துக்கு 20 நிமிடம் ஓடுகிற தண்ணீர். இதைச் சொன்னால் ஏறாது. ஒரு மாணவியைக் குழாயடியில் கையைப் பிடிக்கச் சொல்லி மணி பார்த்தோம். அஞ்சு நிமிடத்திலேயே, "இன்னுமா சிஸ்டர்?" என்றாள். அந்த 20 எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் வகுப்புக்குப் புரிந்தது.

தண்ணீர் வகுப்பைக் கட்டாயம் வெளியே எடுங்கள். ஆத்தங்கரை ஊர், மணல் அள்ளின குழி நிறைய. ஒருத்தன் முங்கினால் காப்பாற்ற இறங்குகிற சேக்காளியும் சேர்ந்து போகிறான். இறங்காதே, எறி. இதுதான் பாடம். அஞ்சு லிட்டர் எண்ணெய்க் கேனில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி, கைப்பிடியில் கயிறு கட்டி மைதானத்தில் எறியவைத்தோம். தண்ணீர் விடாவிட்டால் கேன் காற்றில் திசை மாறிவிடும். அதை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனே கண்டுபிடித்துச் சொன்னான். எறிவதற்கு முன் கயிற்று நுனியைக் காலால் மிதித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அவன்தான் மற்றவர்களுக்குக் காட்டினான்.

அந்தப் பையன்தான் ரத்தப்போக்கு வகுப்பில் எழுந்து கேட்டான்: "அருவா வெட்டுன்னா எப்படி அமுக்கணும் சிஸ்டர்?"

யாரும் சிரிக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை வீடு புகுந்து வெட்டியது அவனோடு படித்த பையன்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது பேப்பர் செய்தி இல்லை. சுத்தமான துணியை மடித்து, வெட்டின் மேலேயே வைத்து, விடாமல் அழுத்து. துணி நனைந்தால் எடுக்காதே, அதன் மேலேயே இன்னொன்றை வை என்று காட்டிவிட்டு, அந்த இடத்திலேயே வன்முறைப் பாடத்தைத் தொடங்கினேன். எழுத்தர் எடுக்கச் சொன்ன பக்கத்தைப் பிள்ளைகளே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிற்றைப் பற்றிப் பேசினோம். மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கை, பள்ளியில் அந்தக் கயிறே கூடாது என்கிறது. நான் யாரையும் கழற்றச் சொல்லவில்லை. பட்டப்பெயரில் தொடங்கி, பையை ஒளித்துவைப்பதில் வளர்ந்து, பஸ் ஸ்டாண்டில் ஆள் சேர்ப்பதில் முடிகிற படிகளைப் போர்டில் அவர்களையே எழுதச் சொன்னேன். எந்தப் படியில் யாரிடம் சொன்னால் நின்றிருக்கும் என்று அவர்களே கோடு போட்டார்கள். "சொன்னா காட்டிக்கொடுக்கிறவன்னு சொல்லுவாங்கல்லா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. கேன் எறிவதும் வாய் திறப்பதும் ஒரே வேலைதான் என்றேன்.

தொடுதல் பற்றிய வகுப்பில் சில எச்சரிக்கைகள். யாருக்காவது நடந்திருக்கிறதா என்று வகுப்பில் கேட்கவே கேட்காதீர்கள். பையன்களை வெளியே அனுப்பாதீர்கள், அவர்களுக்கும் நடக்கிறது. தெரியாத ஆள் மிட்டாய் கொடுப்பான் என்ற பழைய கதையோடு நிறுத்தாதீர்கள். செய்பவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்கள்தான். 'யார்ட்டயும் சொல்லாதே' என்று ஒரு பெரியவர் சொன்னால் அதுவே சொல்ல வேண்டிய விஷயம் என்று பதியவையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டையும் நோட்டின் பின்பக்கம் எழுதவையுங்கள்.

பூட்டுப் போட்ட கேள்விப் பெட்டி ஒன்று வைத்தேன். அதில் ஒரு சீட்டு வந்தது. என்ன எழுதியிருந்தது என்று இங்கே சொல்லமாட்டேன், அது அந்தப் பிள்ளையுடையது. படித்ததும், "நாமளே வீட்ல பேசிப் பாக்கலாம், ஊர் முழுக்கத் தெரிஞ்சிரும்" என்று சிலர் யோசனை சொன்னார்கள். ஒத்துக்கொள்ளவில்லை. போக்சோவில் வரும் குற்றம் என்றால் 19-ஆம் பிரிவுப்படி தெரியவந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காமல் மறைத்தால் அதுவே குற்றம். அந்தச் சட்டத்தில் வராத அடி உதை என்றாலும் 1098 இருக்கிறது. அன்றைக்கே ஹெச்.எம். டீச்சரை உட்காரவைத்து ஸ்பீக்கரில் போட்டேன். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆள் வந்தார்கள், யூனிஃபார்ம் இல்லாமல், ஊருக்குத் தெரியாமல். பிள்ளை இப்போது பாதுகாப்பாக இருக்கிறது. சீட்டை நம்பிப் போட்ட பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டிய கடமை அது. பெட்டி வைக்கிறவர்கள் இதற்கெல்லாம் தயாராக இருந்தால் மட்டும் வையுங்கள்.

இன்னொரு பிள்ளை ஓடிவந்து சொன்னது என்னை ஒரு வாரம் சந்தோஷமாக வைத்திருந்தது. அவள் ஆச்சிக்கு வலிப்பு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் சாவிக்கொத்தைக் கையில் திணித்திருக்கிறார்கள். இவள் அதைப் பிடுங்கி வீசிவிட்டு, ஆச்சியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். அஞ்சு நிமிடம் தாண்டினால் 108 என்று ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தாளாம். அதற்குள் நின்றுவிட்டது.

அனுமதிக்குப் போகிறவர்களுக்கு: விண்ணப்பம், துறைத் தடையின்மைச் சான்று, காவல்துறை சரிபார்ப்பு, அடையாள அட்டை நகல், பாடத்திட்டம், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், 3-ஆவது விதியின் பிரிண்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கொடுங்கள். இன்னொரு செட் உங்களிடம் இருக்கட்டும். அதன் முதல் பக்கத்தில் தேதியோடு ஆபீஸ் முத்திரை வாங்காமல் படி இறங்காதீர்கள். போவதற்கு முன் எழுத்தர் சீட்டில் இருக்கிறாரா என்று ஃபோன் போட்டுக் கேளுங்கள். வகுப்பில் எப்போதும் ஒரு டீச்சர் கூட இருக்கட்டும். பாடத்தில் எதையாவது எடுக்கச் சொன்னால், எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.