டிஸ்க்கை மாற்றியும் தீராத பழுது: வீட்டு சர்வரில் எங்கே தேடுவது?

நான்கு ஹார்ட் டிஸ்க் போட்ட வீட்டு சர்வரில் ஒரே வருடத்தில் மூன்று டிஸ்க் போய்விட்டது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அவை உட்கார்ந்திருக்கும் பெட்டியைத்தான். கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். லட்சக்கணக்கில் டிஸ்க் ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் காலாண்டுதோறும் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. அதன்படி ஒரு வருடத்தில் பழுதாவது நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. அந்த விகிதத்தில் நான்கில் மூன்று தற்செயலாக ஒரே வருடத்தில் போவதற்கான வாய்ப்பு லட்சத்தில் ஒன்றிரண்டுதான். ஆகவே அந்த மூன்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது: கரண்ட், கேபிள், டிஸ்க்குகளை இயக்கும் கன்ட்ரோலர், சூடு, அல்லது ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய சரக்கு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பர், அது இருக்கும் ஸ்லாட், டேட்டா கேபிள், போர்ட், பவர் வயர் எந்தக் கிளையிலிருந்து வருகிறது என்று எழுதி வையுங்கள். கேபிளிலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் வைக்கும் பெயரை நம்பக் கூடாது. ரீபூட் ஆனால் அது மாறும், நேற்று எஸ்டிசி ஆக இருந்தது இன்று எஸ்டிஏ ஆகலாம். சீரியல் நம்பர் மாறாது. அடுத்த முறை பிழை வரும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பழுது டிஸ்க்கோடு போகிறதா, ஸ்லாட்டோடு தங்குகிறதா?

சந்தேகத்துக்குரிய டிஸ்க்கை நல்ல ஸ்லாட்டுக்கும், நல்ல டிஸ்க்கைச் சந்தேக ஸ்லாட்டுக்கும் மாற்றிப் போடுங்கள். கேபிள்களைத் தொட வேண்டாம். தரவு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். நல்ல டிஸ்க்கும் அந்தச் சந்தேக ஸ்லாட்டில் பிழை காட்டினால் பழைய டிஸ்க் நிரபராதி. ஒரு முறைக்கு ஒரே ஒரு பொருளைத்தான் மாற்ற வேண்டும். கேபிள், போர்ட், டிஸ்க் மூன்றையும் ஒரே நாளில் மாற்றி, பிழை நின்றுவிட்டால் எது காரணம் என்பது கடைசிவரை தெரியாது. இரண்டு மாதம் கழித்து அதே கேபிள் இன்னொரு பெட்டிக்குள் போய் உட்காரும்.

இந்தச் சோதனையெல்லாம் தரவின் இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருக்கும்போது மட்டும். ஒரு டிஸ்க் ஏற்கெனவே வெளியேறி, ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு தப்பும்படி வைக்கும் அமைப்பு) ஒற்றைக் காலில் நிற்கும்போது ஸ்லாட் மாற்றி விளையாடாதீர்கள். முதலில் முக்கியமான கோப்புகளைப் பிரதி எடுங்கள், ரீபில்ட் அதற்குப் பிறகு. ரீபில்ட் என்பது மாற்று டிஸ்க்கில் தரவை மறுபடி நிரப்புவது, மிச்சமுள்ள எல்லா டிஸ்க்குகளையும் மணிக்கணக்கில் முழு மூச்சில் ஓடவைக்கும் வேலை. பவர் சப்ளையில் கோளாறு இருந்தால் இரண்டாவது டிஸ்க் வெளியேறுவது அப்போதுதான்.

இனி ஸ்மார்ட் எண்கள், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் கணக்கு. 5 என்பது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது தரவு எழுதும் சின்னத் துண்டுகள். 197 சந்தேகத்தில் காத்திருப்பவை. 198, 187 இரண்டும் படிக்கவே முடியாமல் போனவை. இவை ஏறினால் டிஸ்க்கின் தட்டிலேயே சேதம் இருக்கலாம். 199 வேறு கதை. அது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே வழியில் கெட்டுப்போன தரவின் எண்ணிக்கை, அதாவது கேபிள், கனெக்டர், பேக்பிளேன் (டிஸ்க்குகள் நேராகச் செருகும் பலகை) பிரச்சினை. இந்த எண் ஒருபோதும் குறையாது. பழைய கேபிளால் வந்த 340 கேபிளை மாற்றிய பிறகும் 340 ஆகவே நிற்கும். மேலே ஏறுகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

197-ல் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி எழுதிய செக்டர் படிக்க முடியாததாகி 197-ல் சேரும். அதே இடத்தில் மீண்டும் எழுதினால் எண் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், 5 ஏறவே ஏறாது. அந்த டிஸ்க் நல்ல டிஸ்க். 12-ஐயும் 192-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 12 எத்தனை முறை பவர் ஆன் ஆனது என்பது, 192 எத்தனை முறை முன்னறிவிப்பில்லாமல் பவர் பறிபோய்த் தலை அவசரமாக ஒதுங்கியது என்பது. ஒழுங்காக ஷட்டவுன் செய்யும் சர்வரில் 192 வளர்ந்துகொண்டே போனால் டிஸ்க்குக்கு வரும் மின்சாரம் நடுநடுவே அறுகிறது என்று அர்த்தம். கட்டளைக்கு நேரத்துக்குள் பதில் வராததை எண்ணும் 188 ஏறுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

சீகேட் டிஸ்க்குகளில் 1 (படிக்கும் பிழை), 7 (தலை இடம் தேடும் பிழை) இரண்டும் கோடிக்கணக்கில் காட்டும். பயப்பட வேண்டாம். அந்த 48 பிட் எண்ணில் மேல் 16 பிட்தான் பிழை, கீழ் 32 பிட் மொத்தச் செயல்களின் எண்ணிக்கை.

எண்களெல்லாம் சுத்தமாக இருப்பதால் டிஸ்க் நல்லது என்றும் முடிவுகட்ட முடியாது. 2007-ல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தபோது, பழுதானவற்றில் பாதிக்கும் மேல் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூட முன்கூட்டிக் காட்டவில்லை. முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கையில் காணும் பிழை) வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் போகும் வாய்ப்போ மற்றவற்றைவிட 39 மடங்கு. அதனால் ஸ்மார்ட்டோடு, லினக்ஸின் மையமான கெர்னல் எழுதும் பதிவையும் படிக்க வேண்டும். பிழை வரியில் யுஎன்சி என்றிருந்தால் தட்டில் படிக்க முடியவில்லை. ஐசிஆர்சி என்றிருந்தால் கேபிள் வழி. லிங்க்கை ரீசெட் செய்கிறேன் என்ற வரி பல டிஸ்க்குகளுக்கு ஒரே நொடியில் வந்தால் பவர் அல்லது கன்ட்ரோலர். ஒரே நொடியில் இரண்டு டிஸ்க் சாவதில்லை.

இனி பவர். வீட்டு சர்வர்களில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது இதுதான். 3.5 அங்குல டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது 12 வோல்ட் லைனில் 1.5 முதல் 2 ஆம்பியர் இழுக்கும், அதாவது 20 வாட்டுக்கு மேல். ஓட ஆரம்பித்த பிறகு 5 முதல் 8 வாட் போதும். எட்டு டிஸ்க் ஒரே சமயத்தில் கிளம்பினால் 12 வோல்ட்டில் மட்டும் 16 ஆம்பியர். 500 வாட் எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை) இதைத் தாங்கும். அதிலிருந்து பிரிந்து வரும் வயர் தாங்குமா என்பதுதான் கேள்வி. டிஸ்க்கில் மாட்டும் சாட்டா பவர் கனெக்டரில் ஒவ்வொரு வோல்ட்டேஜுக்கும் மூன்று பின், ஒரு பின்னுக்கு 1.5 ஆம்பியர், ஆக மொத்தம் 4.5. ஒரு சாட்டா கனெக்டரிலிருந்து நான்காகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் நான்கு டிஸ்க்கை மாட்டினால், கிளம்பும் நொடியில் 8 ஆம்பியர் அந்த 4.5 ஆம்பியர் வாய் வழியாகத்தான் போயாக வேண்டும். வோல்ட்டேஜ் சரியும், கடைசி டிஸ்க் மயங்கி விழும், ரெய்டு அதைப் பழுது என்று வெளியே தள்ளும்.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால் நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டரிலிருந்து பிரியுங்கள், அதன் பின்கள் தடிமன். சாட்டா பக்கம் வார்த்த பிளாஸ்டிக் உள்ளதை வாங்காதீர்கள். சூடான பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றும்போது உள்ளே வயர் நகர்ந்து, 12 வோல்ட்டும் எர்த்தும் ஒரு மயிரிழை தூரத்தில் நின்றுவிடும். நாளாவட்டத்தில் அங்கே ஷார்ட் ஆகித் தீப்பிடித்த கனெக்டர்கள் உண்டு. கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் வயர் நுழையும் ஓரம் பழுப்பேறியிருந்தாலோ, கறுப்பு பிளாஸ்டிக் லேசாகக் குழைந்து பளபளத்தாலோ, முகர்ந்தால் கருகிய வாடை வந்தாலோ அன்றைக்கே தூக்கிப் போடுங்கள். பின்புறம் மூடி வைத்து, வயர் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குத்தி இறங்கும் வகைதான் நல்லது.

மல்டிமீட்டர் இருந்தால் கடைசிக் கனெக்டரில் அளக்க வேண்டும். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6, சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25. சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாம் அழகாக இருக்கும். ஸ்க்ரப் ஓடும்போது அளக்க வேண்டும். மீட்டரில் குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் பட்டன் இருந்தால் அதை அழுத்திவிட்டு சர்வரை ஆன் செய்யுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துக்கும் கடைசிக் கனெக்டருக்கும் 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் நடுவில் ஏதோ காண்டாக்ட் தளர்ந்திருக்கிறது. பயாஸிலோ கார்டிலோ டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

அடாப்டரில் ஓடும் நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்பு) பெட்டிகளில் வயதான அடாப்டர்தான் வழக்கமான குற்றவாளி. உள்ளே கெப்பாசிட்டர் காய்ந்து, மேலே எழுதிய வாட் வெறும் எழுத்தாகிவிடும். ஆன் செய்யும்போதோ ரீபில்ட் நடக்கும்போதோ மட்டும் டிஸ்க் விழுந்தால், புது டிஸ்க் வாங்கும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

நம் வீடுகளில் இதற்கு மேல் இன்வெர்ட்டர் ஒன்று இருக்கிறது. கரண்ட் போனால் எஸ்எம்பிஎஸ் தன் கையிருப்பில் சுமார் 16 மில்லி நொடி தாக்குப்பிடிக்கும். வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் நார்மல், யூபிஎஸ் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் அது பேட்டரிக்கு மாறும் நேரம் இந்தக் கையிருப்பைத் தாண்டிவிடலாம். யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். அதைவிட நல்லது, சர்வருக்கு மட்டும் தனியாக ஒரு யூபிஎஸ், அதிலிருந்து யூஎஸ்பி வயர், பேட்டரி குறைந்தால் தானாக ஷட்டவுன்.

சில புது டிஸ்க்குகள் மாட்டியதும் சுழலவே சுழலாது, குறிப்பாக வெளி யூஎஸ்பி பெட்டியை உடைத்து எடுத்தவை. செத்துப்போய் வந்தது என்று திருப்பி அனுப்ப வேண்டாம். புதிய சாட்டா விதிப்படி மூன்றாம் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் அது அணைந்திரு என்ற கட்டளை. அந்தப் பின்னைச் சூடு தாங்கும் காப்டன் டேப்பால் மூடினாலோ, மோலெக்ஸ் வழியாகக் கொடுத்தாலோ எழுந்துவிடும்.

கன்ட்ரோலர் கார்டு வாங்கும்போது அதன் மேலுள்ள சிப்பைப் பாருங்கள். மலிவு கார்டுகளில் ஒரு போர்ட்டை ஐந்தாகப் பெருக்கும் ஜேஎம்பி575 இருக்கும். ஒரு டிஸ்க் தடுமாறினால் அந்த ஐந்தும் சேர்ந்து தொங்கும். பழைய சர்வர்களில் டிஸ்க்குகளை இணைக்கும் ஹெச்பிஏ கார்டுகள் நம்பகமானவை, ஆனால் ராக்கில் சீறும் காற்றுக்காகச் செய்தவை. வீட்டுப் பெட்டியில் அதன் ஹீட்சிங்க்கில் விரல் வைக்க முடியாத அளவு கொதிக்கும், அப்போது பல டிஸ்க்குகளில் செக்சம் பிழை (தரவு வழியில் மாறிப்போனதைக் காட்டுவது) சிதறும். 40 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை அதன் மேல் கட்டுங்கள். அப்படியும் சிதறினால் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டி ரேமைச் சோதியுங்கள்.

டிஸ்க் சூடு 45 டிகிரிக்குள் இருக்கட்டும். மே மாதச் சென்னையில் மூடிய அலமாரிக்குள் வைத்தால் இது நடக்காது, பெட்டி வெளியே வர வேண்டும். நான்கு ஸ்குரூவும் இருக்க வேண்டும். அதிர்வு சாதாரண விஷயமில்லை: 2008-ல் சன் நிறுவனப் பொறியாளர் பிரண்டன் கிரெக் டிஸ்க் அடுக்கின் முன் நின்று கத்தியபோது, அந்தச் சத்தத்துக்கே டிஸ்க் பதில் சொல்லும் நேரம் ஏறியதை வரைபடத்தில் காட்டினார்.

ஒரு ஹார்டுவேரும் கெடாமலே டிஸ்க் வெளியேறும் வழிகளும் உண்டு. டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் இரண்டு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் 30 நொடிதான் பொறுக்கும், பிறகு ரீசெட். நாஸ் டிஸ்க் 7 நொடியில் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும், ரெய்டு அதைச் சரிசெய்துகொள்ளும். உங்கள் டிஸ்க்கில் இந்த நேரத்தை வரையறுக்கும் எஸ்சிடி இஆர்சி அமைப்பு இருந்தால் 70 என்று வையுங்கள், அது பத்தில் ஒரு நொடிக் கணக்கு. பவர் போனால் டிஸ்க் இதை மறந்துவிடும், ஆகவே ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டில் சேர்க்க வேண்டும். அமைப்பே இல்லாத டிஸ்க்குக்குக் கெர்னல் டைம்அவுட்டை 180 நொடியாக உயர்த்துங்கள்.

எஸ்எம்ஆர் டிஸ்க்கும் இப்படித்தான். தடங்களை ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவதால், ரீபில்ட் நடக்கும்போது மூச்சு முட்டி டைம்அவுட்டில் விழும். 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில ரெட் டிஸ்க்குகள் எஸ்எம்ஆர்தான் என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. இன்று ரெட் பிளஸ் என்று வருவது சிஎம்ஆர், அதாவது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதது. மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

புது டிஸ்க்கை நேராக ரெய்டில் சேர்க்காதீர்கள். முதலில் நீண்ட ஸ்மார்ட் சோதனை, 8 டெராபைட்டுக்கு 12 முதல் 16 மணி நேரம் ஆகும். பிறகு பேட்பிளாக்ஸ் கருவியை எழுதும் முறையில் ஓட்டுங்கள். நான்கு வடிவங்களை எழுதி எழுதிப் படிக்கும், 8 டெராபைட்டுக்குக் கிட்டத்தட்ட நான்கு நாள். பெரிய டிஸ்க்குக்கு பிளாக் அளவு 4096 கொடுங்கள், 16 டெராபைட் கடந்தால் 8192. சீகேட் என்றால் ஃபார்ம் பதிவையும் (சீகேட் டிஸ்க் தனியாக வைத்திருக்கும் பயன்பாட்டுக் கணக்கு) பாருங்கள், ஸ்மார்ட் எண்களைப் படிக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் கருவி 7.4 பதிப்பு முதல் அதையும் படிக்கும். 2025 தொடக்கத்தில், ஸ்மார்ட் கணக்கைப் பூஜ்யமாக்கிய பழைய சீகேட் டிஸ்க்குகள் புதிதென்று விற்கப்பட்டது அம்பலமானபோது, காட்டிக்கொடுத்தது அந்தப் பதிவுதான். ஸ்மார்ட்டில் 3 மணி நேரம், ஃபார்மில் 20,000 மணி நேரம் என்றிருந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள்.

வெளியே எடுத்த "செத்த" டிஸ்க்குகளை வாரன்டிக்கு அனுப்பும் முன் வேறொரு கம்ப்யூட்டரில், வேறு கேபிளில் இதே நீண்ட சோதனைக்கு வையுங்கள். தேறினால் வைத்துக்கொள்ளுங்கள். வாரன்டியில் மாற்றாக வருவது பெரும்பாலும் பழுது பார்த்த இன்னொரு டிஸ்க்தான்.