இரவு 11 மணிக்குப் பின் எழுதப்படும் அரசியல்

கிளிநொச்சி மாவட்டத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் உளவளத்துணைப் பணியில் இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் குடிவெறி, குடும்பச் சண்டை, நுண்கடன், பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுப்பது என்று ஏதாவதொரு காரணத்தைச் சொல்லிக்கொண்டுதான் கதிரையில் இருப்பார்கள். சில ஆண்டுகளாக அந்தக் காரணங்களோடு ‘போன்’ என்பதும் சேர்ந்துகொண்டது. போன் என்றால் விளையாட்டாகவோ காதலாகவோ இருக்கும் என்றுதான் முதலில் எண்ணினேன். நடுவயது தாண்டிய ஆண்களிடத்தில் அது பெரும்பாலும் அரசியலாக இருந்தது. அவர்களுடைய அடையாளங்களை மாற்றியே இங்கு எழுதுகிறேன்.

இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்யும் ஒருவரை அவருடைய மனைவி கூட்டிவந்தார். "இரவிரவா நித்திரை இல்லை மிஸ். முகநூலில ஆரோடயோ சண்டை பிடிக்கிறார். விடிய வயலுக்குப் போனா வரம்பில இருந்து தூங்கி விழுறார்" என்றார். அவருக்கு அறுபது வயதை அண்டியிருக்கும். அன்று நான் சொன்னது பயிற்சிநெறியில் படித்த ஆலோசனைதான்: போனைப் படுக்கும் அறைக்கு வெளியே வையுங்கள், கணக்கைச் சில மாதங்களுக்கு மூடிவிடுங்கள். மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனவர் மூன்று மாதம் வரவில்லை. கணக்கை மூடிய பிறகு மனிதர் வீட்டில் கதைப்பதையே நிறுத்திவிட்டார் என்று மனைவி வந்து சொன்னபோதுதான், அவர் அங்கே என்ன எழுதினார் என்பதை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது உறைத்தது.

அடுத்த சந்திப்பில் கணக்கைத் திறந்து காட்டினார். அவர் எழுதியவற்றில் கட்சி எதுவும் இல்லை, தலைவர் எவரும் இல்லை. 2009ஆம் ஆண்டு இறுதிப்போரைப் பற்றி வெளிநாட்டிலிருந்தோ கொழும்பிலிருந்தோ யாராவது எழுதினால், அதன் கீழே போய் இடத்தையும் மாதத்தையும் திருத்தியிருந்தார். தை மாதக் கடைசியில் சனம் விசுவமடுவை விட்டு வெளிக்கிட்டுவிட்டது, நீங்கள் சொல்லும் நாளில் நாங்கள் சுதந்திரபுரத்தில் இருந்தோம் என்கிற வகையில்தான் ஒவ்வொன்றும். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்று தான் நடந்த வழியைச் சில இடங்களில் வரிசையாகவும் எழுதியிருந்தார். பதில் எழுதியவர்களோ அவருடைய எழுத்துப் பிழைகளைத் தேடியெடுத்துச் சிரித்தார்கள், நீ யாருடைய ஆள் என்று கேட்டார்கள். "நான் ஒருத்தரையும் மாத்த எழுதேல்லை பிள்ளை. நான் அங்க நிண்டனான். நிண்டவன் சொல்ல, நிக்காதவன் இல்லையெண்டுறான். அதுதான் படுக்க விடுகுதில்லை."

பேஸ்புக் நிறுவனம் ‘லைக்’ பொத்தானை அறிமுகப்படுத்திய நாள் 2009 பெப்ரவரி 9. அந்தக் கிழமைகளில் இவர் சுதந்திரபுரத்திலிருந்து இரணைப்பாலைப் பக்கம் பிள்ளைகளோடு நகர்ந்துகொண்டிருந்தார். உலகம் இந்தக் கருவியில் பேசப் பழகிய காலத்தில் வன்னிச் சனம் பதுங்கு குழியிலும், பிறகு செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலும் இருந்தது. மீளக்குடியேறி, வீடு கட்டி, கைக்கு ஒரு போன் வந்து சேர்ந்தபோது எங்களுடைய கதையை மற்றவர்கள் பல விதமாக எழுதி முடித்திருந்தார்கள். அதற்குள் புகுந்து ஒரு மாதத்தின் பெயரைத் திருத்துவதற்கு எவ்வளவு பிடிவாதம் வேண்டும் என்பதை, வெளியிலிருந்து பார்க்கிறவர் ‘இணைய அடிமைத்தனம்’ என்று எழுதி விடக்கூடும். நானும் அவருடைய கோவையில் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருந்தேன்.

படித்த கோட்பாடுகளுக்குத் திரும்பிப் போனேன். சமூக உளவியலாளர் ஹென்றி தஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப்போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, போர்க்கைதியாக இருந்து உயிர் பிழைத்து வந்தபோது அவருடைய குடும்பத்தில் ஏறக்குறைய எவருமே உயிரோடு இருக்கவில்லை. 1970ஐ அண்டிய ஆண்டுகளில் பள்ளிச் சிறுவர்களைப் புள்ளிகளை எண்ணுவது போன்ற அற்பக் காரணங்களுக்காகப் பிரித்துவைத்து, தம் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் மற்றக் குழுவைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்று அவர்கள் பலமுறை தெரிவுசெய்வதைக் காட்டினார். 2024 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளரின் ‘சங்கு’ச் சின்னத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் நடந்த முகநூல் சண்டைகளை அது நன்றாகவே விளக்கியது. எந்தப் பக்கத்திலும் இல்லாத என் வயல்காரரை விளக்கவில்லை.

அவருக்கு ஏன் யாரும் ‘லைக்’ போடவில்லை என்பதை மட்டும் வேறோர் ஆய்வு சொன்னது. துப்பாக்கிக் கட்டுப்பாடு, காலநிலை மாற்றம் போன்ற விடயங்கள் குறித்த ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்தது அது. அறமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒவ்வொன்றும் கூடக்கூட, பதிவு பகிரப்படுவது ஏறத்தாழ 20 சதவீதத்தால் கூடியது. துரோகி என்றால் ஓடும். ‘தை மாதக் கடைசி’ ஓடாது.

‘துரோகி’ என்ற அந்தச் சொல்லை வைத்தே வாழும் பையன் ஒருவனையும் சந்தித்தேன். பொய்க் கணக்கில் அவன் திட்டாத வேட்பாளர் இல்லை. கிளிநொச்சி, வன்னி மண்ணில் இருந்தாலும் வாக்களிப்பது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் என்பதால், அவனுக்குத் திட்டுவதற்கு ஆட்களுக்குக் குறைவில்லை. அதே பையன் காணி அனுமதிப்பத்திர அலுவலாகத் தாயோடு எங்கள் செயலகத்துக்கு வந்த நாளில், நிலத்தைப் பார்த்தபடி ஒரு சொல்லும் பேசாமல் நின்றான். முகம் தெரியாத இடத்தில் மனிதரின் கட்டுகள் தளர்கின்றன என்று உளவியலாளர் ஜோன் சூலர் 2004இல் எழுதியது சரிதான். ஆனால் பாட்டன் காலத்திலிருந்து வாயைக் கட்டப் பழகிய ஊரில் அந்தக் கட்டு எதனால் ஆனது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய் ஒருவரின் காரணம் இவை எவற்றிலும் அடங்கவில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்தில் இருந்தவர் அவர். எல்லாக் கட்சிகளின் பக்கங்களையும் அவர் பின்தொடர்ந்தார். யார் பேசுவதையும் கேட்பதில்லை. கூட்டப் படங்களை விரலால் பெருப்பித்து, பின்வரிசை முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். குடும்ப உளவியல் ஆய்வாளர் போலின் பொஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்டது இதைத்தான்: இறந்தாரென்று அழவும் முடியாது, வருவாரென்று இருக்கவும் முடியாது. அவரிடம் போனைக் குறையுங்கள் என்று நான் சொல்லவில்லை.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரச ஊழியர் சமூக ஊடகங்களில் கருத்துத் தெரிவித்தால் ஒழுக்காற்று நடவடிக்கை என்று 2022இல் சுற்றறிக்கை வந்ததால் நான் எதுவும் பதிவதில்லை. இருந்தும் 2024 தேர்தல் இரவுகளில் பதில்களைத் தட்டச்சிட்டு, வாசித்துப் பார்த்து, அழித்துவிட்டுப் படுத்திருக்கிறேன். அவற்றை எழுதியபோது கிடைத்தது நீதியுணர்வு என்று சொல்ல ஆசைதான். எனினும் எதிராளியைச் சொல்லால் மடக்கிவிட்ட சந்தோஷமே அதில் கூடுதலாக இருந்தது.

வயல்காரரிடம் கணக்கை மூடுமாறு பிறகு சொல்லவில்லை. மறுமொழி எழுதுவதற்கு முதல் அதே விடயத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள் என்று மட்டும் கேட்டேன். சிறுபோக அறுவடை முடிந்து வந்தபோது எண்பது பக்கக் கொப்பியில் பாதி நிரம்பியிருந்தது. முகநூலை முற்றாக விட்டுவிடவில்லை; பதினொரு மணிக்குப் படுத்துவிடுகிறார் என்று மனைவி சொன்னார். கொப்பியை மேசையில் வைத்து, என்னுடைய சிவப்புப் பேனையைத் தன் பக்கம் எடுத்து, திரும்ப என்னிடமே நீட்டினார்.

"எழுத்தில பிழை இருந்தா வெட்டித் திருத்துங்கோ பிள்ளை. இடத்தில பிழை இல்லை."