சிஏ3 நியூரானுக்கு வரும் இரண்டு வழிகள்: ஆய்வக நாட்குறிப்பு

ஜூன் 3
மூளையின் ஹிப்போகாம்பஸில் உள்ள சிஏ3 பகுதியின் பிரமிட் நியூரானுக்குக் குளூட்டமேட் (தூண்டும் நரம்புக் கடத்தி) மூன்று இடங்களில் வந்து சேர்கிறது. செல் உடலை ஒட்டிய ஸ்ட்ராட்டம் லூசிடம் என்ற அடுக்கில் மாஸி ஃபைபர், அதாவது டென்டேட் கைரஸ் செல்களின் ஆக்சான்கள் (நரம்பு இழைகள்). சற்றுத் தள்ளி ரேடியேட்டம் அடுக்கில், மற்ற சிஏ3 செல்கள் அனுப்பும் அசோசியேஷனல்-கமிஷரல் இழைகள். நுனியில், என்டோரைனல் கார்ட்டெக்ஸிலிருந்து வரும் பெர்ஃபோரன்ட் பாதை. கடத்தி மூன்றிலும் ஒன்றுதான், அதை வாங்கும் ஏற்பிகளின் (ஏஎம்பிஏ, கைனேட், என்எம்டிஏ என்ற வகைகள்) கலவைதான் வேறு. இங்கே முதல் இரண்டு மட்டும்.

மூன்று வார எலி, 300 மைக்ரான் மூளை ஸ்லைஸ். அதை வைக்கும் திரவத்தில் கார்போஜன் (ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு கலவை) 15 நிமிடம் ஓடிய பிறகே கால்சியம் சேர்க்க வேண்டும். முந்தினால் கலங்கிவிடும்.

ஜூன் 4
செல்லின் மின்னோட்டத்தைப் பதியச் சீசியம் கரைசல் நிரப்பிய பிப்பெட், செல்லை நிறுத்தும் மின்னழுத்தம் −70 மில்லிவோல்ட். தடுப்புச் சைகையை வாங்கும் காபா-ஏ ஏற்பியை அடைக்கப் பிக்ரோடாக்சின் 100 மைக்ரோமோலார். சிஏ3 செல்கள் ஒன்றையொன்று தூண்டுவதால் தடுப்பு போனதும் வலிப்பு போன்ற வெடிப்புகள் கிளம்பும். கால்சியம், மக்னீசியம் இரண்டையும் 4 மில்லிமோலாருக்கு உயர்த்தினால் பெரும்பாலும் அடங்கும்.

ஜூன் 6
தூண்டும் மின்முனை எங்கே இருக்கிறது என்பதை வைத்து, வந்தது மாஸி ஃபைபர் மின்னோட்டம் என்று முடிவுகட்டக் கூடாது. சிஏ3 ஆக்சான்களின் கிளைகள், மாஸி ஃபைபர்கள் கடந்து வரும் ஹைலஸ் பகுதிக்கும் போகின்றன. அங்கே தூண்டினால் அவையும் பின்னோக்கித் தூண்டப்பட்டு அசோசியேஷனல் மின்னோட்டம் கலந்துவிடும்.

நம்பத்தக்க அடையாளங்கள்: வேகமான, ஒரே படியில் ஏற்றம், 40 மில்லிசெகண்ட் இடைவெளியில் இரண்டாவது துடிப்பு நன்றாகப் பெரிதாவது, 0.05 ஹெர்ட்ஸிலிருந்து 1 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பல மடங்கு வளர்வது. கடைசித் தீர்ப்பு டிசிஜி-4 என்ற மருந்து, 1 மைக்ரோமோலார். மாஸி ஆக்சானின் முனையில் உள்ள இரண்டாம் குழு மெட்டபோட்ராபிக் ஏற்பி (குளூட்டமேட் ஏற்பியின் இன்னொரு வகை) வழியாக அது குளூட்டமேட் வெளியீட்டை அடக்கும், அசோசியேஷனல் மின்னோட்டத்தை அசைக்காது. பெர்ஃபோரன்ட் பாதையையும் அது குறைக்கும் என்பதால் இந்தச் சோதனை ஒன்றே போதாது. ஆனாலும் ஒவ்வொரு பதிவின் முடிவிலும் டிசிஜி-4ஐப் போட்டே ஆக வேண்டும். எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவு கலப்படம்.

ஜூன் 9
மின்னோட்டத்தின் கைனேட் பகுதி. என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் ஏபி5 50 மைக்ரோமோலார் ஏற்கெனவே ஓடும்போது, ஏஎம்பிஏ ஏற்பியை மட்டும் அடைக்கும் ஜிஒய்கேஐ 53655 சேர்க்க வேண்டும். மாஸி சினாப்ஸில் (நரம்பிணைப்பில்) சிறிய, மெதுவாகத் தேயும் மின்னோட்டம் மிஞ்சும். ஒரே துடிப்பில் அது இரைச்சலுக்குள் மறையலாம், 100 ஹெர்ட்ஸில் சில துடிப்புகள் கொடுத்தால் தெளிவாக எழும். அசோசியேஷனல் சினாப்ஸில் ஒன்றும் மிஞ்சாது. கைனேட் ஏற்பியின் ஓர் உறுப்பான குளூகே2 இல்லாத சுண்டெலிகளில் மாஸி சினாப்ஸிலும் இது இல்லை என்று 1998இல் காட்டப்பட்டது. இங்கே சிஎன்க்யூஎக்ஸ் என்ற மருந்து உதவாது, அது ஏஎம்பிஏ, கைனேட் இரண்டையும் சேர்த்தே அடைத்துவிடும்.

ஜூன் 11
என்எம்டிஏ விகிதம், அதாவது ஏஎம்பிஏவோடு ஒப்பிட்டால் என்எம்டிஏ மின்னோட்டம் எவ்வளவு என்பது. +40 மில்லிவோல்ட்டில், தூண்டி 50 மில்லிசெகண்ட் கழித்து அளப்பது வழக்கம். ஹிப்போகாம்பஸின் இன்னொரு பகுதியான சிஏ1இல் அது சரி. மாஸி சினாப்ஸில் அந்த நேரத்திலும் கைனேட் வால் ஓடிக்கொண்டிருக்கும், அதையும் என்எம்டிஏ என்று எண்ணிவிடுவோம். ஏஎம்பிஏ, கைனேட் இரண்டையும் அடைக்க என்பிக்யூஎக்ஸ் 10 மைக்ரோமோலார் போட்டு, தனித்த என்எம்டிஏ மின்னோட்டத்தை அளப்பதே நேர்மையான வழி. அப்படி அளந்தால் மாஸியின் பங்கு அசோசியேஷனலைவிடக் குறைவு.

ஆனாலும் அது வீணான பங்கல்ல. மாஸி சினாப்ஸின் நீண்டகால வலுவேற்றம் (தூண்டலுக்குப் பின் சினாப்ஸ் நெடுநேரம் வலுவாக இருப்பது) ஏபி5க்கு அசையாது, ஆக்சான் முனையிலுள்ள சுழற்சி-ஏஎம்பி என்ற சைகை மூலக்கூறை நம்பியது. அசோசியேஷனலில் ஏபி5 அதை நிறுத்திவிடும். அதே மாஸி சினாப்ஸில் என்எம்டிஏ பகுதி மட்டும் தனியே வலுவடைவதை 2008இல் இரண்டு ஆய்வுகள் காட்டின.

இன்னொரு எச்சரிக்கை. ரேடியேட்டத்தின் தொலைவான சினாப்ஸ்களுக்குப் பிப்பெட்டின் +40 முழுதாகப் போய்ச் சேராது. தொடர் மின்தடை (பிப்பெட்டுக்கும் செல்லுக்கும் இடையிலான தடை) 20 சதவீதத்துக்கு மேல் மாறிய செல்லை, பதிவு எவ்வளவு அழகாக இருந்தாலும், கணக்கில் சேர்க்கக் கூடாது.