கானி என்று முடியும் ஊர்கள்

நேபாளத்தின் மியாக்தி ஆறும் காளி கண்டகியும் கூடும் பேனி நகரிலிருந்து ஜீப் போகும் வரை போய், பிறகு கற்படிகளில் மூச்சு வாங்க ஏறி, பொழுது சாயும் வேளையில் சந்த்யால் மக்களின் மலையூர் ஒன்றை அடைந்தேன். வடக்கே 8,167 மீட்டர் உயரமுள்ள தவளகிரி மேகத்துக்குள் இருந்தது. மூன்று நாட்களில் ஒரே ஒரு முறைதான் அது முகம் காட்டியது.

இம்மக்களின் வரலாறு ஊர்ப்பெயர்களிலேயே இருக்கிறது. குயினேகானி, சௌராகானி, தாராகானி என்று ஒரு வரிசை. பாட்லேகர்கா, க்யாஸ்கர்கா என்று மற்றொன்று. நேபாளியில் கானி என்றால் சுரங்கம், கர்கா என்றால் மேய்ச்சல் நிலம். செம்பு வெட்டி, மரக்கரி மூட்டி உருக்கிப் பிழைத்தவர்கள் இவர்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுரங்கங்கள் ஓய்ந்தபின் மக்காச்சோளமும் கேழ்வரகும் ஆடுமாடுகளுமே வாழ்வாதாரமாயின.

செம்புத் தொழில் மொழியையும் மாற்றிவிட்டது. தமாங், குருங், தகாலி மொழிகளுக்கு உறவான சந்த்யால் மொழியில், சுரங்க வேலையால் நேபாளி பேசுவோருடன் ஏற்பட்ட நெருக்கத்தால் கடன்சொற்கள் மிகுந்தன என்று, அதை ஆராய்ந்த மொழியியலாளர் மைக்கேல் நூனன் கருதினார். தெற்கே பாக்லுங் மாவட்டத்துச் சந்த்யால்கள் அம்மொழியைக் கைவிட்டுப் பல தலைமுறைகள் ஆகின்றன. 2011 கணக்கெடுப்பில் இவ்வினத்தவர் 11,810 பேர். தாய்மொழி இதுவே என்றவர்கள் 4,283 பேர் மட்டுமே.

நான் தங்கிய வீடு பலகைக்கல் வேய்ந்தது. தாழ்வாரத்தில் மக்காச்சோளக் கதிர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. வீட்டுக்கார அம்மையாரை 'தீதி' என்று அழைத்தேன்; நேபாளியில் அக்கா. அவர் 'பாய்' என்று என்னைத் தம்பியாக்கிக்கொண்டு அடுப்பங்கரையில் உட்காரவைத்தார். கொதிநீரில் கேழ்வரகு மாவைத் தூவி, மரத்துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்டிய 'டிடோ' நம் ஊர்க் களியேதான். கீரையைப் புளிக்கவைத்து உலர்த்திய குந்த்ருக்கில் வைத்த சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கவேண்டும் என்று அவர் சொல்லித்தர முற்பட்டபோது, நான் ஏற்கெனவே இரண்டு கவளம் விழுங்கியிருந்தேன். அவர் வியந்து சிரித்தார்.

விடிந்ததும் டோகோ என்னும் மூங்கில் கூடையை நெற்றிப்பட்டையால் தாங்கி, தீவனத் தழை வெட்டப் புறப்பட்டார். வெறுங்கையுடன் பின்தொடர்ந்த நான்தான் வழிநெடுக நின்று நின்று போனேன். சரிவு ஒன்றில் புதர் மூடிய பள்ளத்தை அரிவாளால் சுட்டி, "கானி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் தழை அறுக்கத் தொடங்கினார்.

அன்றிரவு மலேசியாவில் வேலைசெய்யும் மகன் தொலைபேசியில் அழைத்தான். தீதி சந்த்யாலில் நெடுநேரம் பேசினார். பேத்தி கைப்பேசியைப் பிடுங்கி நேபாளியில் தொடர்ந்தாள்; பாட்டி அருகிலிருந்து சந்த்யாலில் குறுக்கே பேசிக்கொண்டேயிருந்தார்.