இழுத்து வர வழி இருக்கிறதா?

"அப்போ அந்தப் பக்கத்து மானை யார்தான் எடுக்கிறது?"

தலைமை ஸ்டாக்கர், அதாவது எங்கள் மான்வேட்டை வழிகாட்டிகளுக்குத் தலைவர், கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். வேட்டைக்கு வந்த விருந்தினரைச் சுட வேண்டாம் என்று தடுத்தது நான். டிசம்பர் நடுவில், மதியம் இரண்டரை மணி. ஓடைக்கு அப்பால் குழிந்த சரிவில் மூன்று செம்மான் பெண்மான்கள், 150 மீட்டருக்குள் நின்றன. காற்று சாதகம், பின்னால் குண்டைத் தாங்க மண்சரிவு. சுடுவதற்கு ஒரு தடையும் இல்லை. எடுத்து வருவதற்குத்தான் வழி தெரியவில்லை.

ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் மலைப்பகுதியில் அந்த மாதம் மூன்றரை மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். சுட்டதும் ஓடிப்போய்த் தொடக் கூடாது. கொஞ்ச நேரம் காத்திருந்து, கண்ணைத் தொட்டுப் பார்த்து, உயிர் போனதை உறுதி செய்தபிறகுதான் வேலை. தலையைச் சரிவின் கீழ்ப்பக்கம் வைத்துக் கழுத்தடியில் குத்தி ரத்தம் வடிய விட வேண்டும். அடுத்தது கிரலாக், அதாவது குடல் எடுப்பது. தொண்டையில் உணவுக்குழாயைப் பிரித்து முடிச்சுப் போடாவிட்டால், இரைப்பையை இழுக்கும்போது அரைத்த புல் வயிற்றுக்குள்ளேயே கொட்டும். வயிற்றைக் கிழிக்கும்போது கத்தி முனையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மேல்நோக்கி அறுக்க வேண்டும். இரைப்பையில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தாலும் இறைச்சி கெடும். குடலோடு வரும் நிணநீர்க் கணுக்களைப் பார்க்க வேண்டும். வீங்கியோ சீழ் வைத்தோ இருந்தால் காசநோய்ச் சந்தேகம், அந்த மான் தனியே போகும்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். மலையிலேயே நெஞ்செலும்பையும் இடுப்பெலும்பையும் பிளந்துவிடுவார்கள். வேலை முழுதாக முடிந்த மாதிரி தெரியும். ஆனால் திறப்பு பெரிதாக ஆக, இழுக்கும் வழியெல்லாம் மக்கிய கரிச்சேறும் ஹெதர் புதர்க் குச்சியும் உள்ளே ஏறும். இழுக்க வேண்டிய மானுக்குச் சின்ன வெட்டுப் போதும். இதயமும் நுரையீரலும் குளிர்க்கூடம் வரை உள்ளேயே இருக்கட்டும்.

குடல் எடுத்த மலைப் பெண்மான் பெரும்பாலும் 40 முதல் 50 கிலோ வரும். எடை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிடிப்பதற்குக் கொம்பு இல்லை, கழுத்து தொய்ந்து விழும், முன்கால்கள் ஒவ்வொரு புதரிலும் மாட்டும். முன்கால்களை மடக்கிக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, கயிற்றைக் கழுத்தில் போட்டு, மூக்கின் மேல் ஒரு அரைமுடிச்சு போட்டால் தலை நேராக நிற்கும். எப்போதும் தலை முன்னால்தான் வர வேண்டும். மயிர் பின்நோக்கிப் படிந்திருப்பதால் அப்படி இழுத்தால் வழுக்கும். காலைப் பிடித்து இழுத்தால் ஒவ்வோர் அடியிலும் மயிர் எதிர்த்து நிற்கும். கயிறு குட்டையாக இருந்தால் தலையும் தோளும் தரையை விட்டுத் தூக்கும், பாரம் பாதியானது போல் இருக்கும். செங்குத்தான இறக்கத்தில் மட்டும் மானை முன்னே விட்டுப் பின்னாலிருந்து பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வந்து குதிகாலை வாரிவிடும். கயிற்றை மணிக்கட்டில் ஒருநாளும் சுற்றக் கூடாது.

இவ்வளவும் கீழ்நோக்கி இழுக்கும்போது. அந்தக் குழிவில் கீழே போனால் ஓடை. இரண்டு நாள் மழையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கரை இரண்டு பக்கமும் வெட்டிவிட்டாற்போல் கரிமண். எட்டுச் சக்கர ஆர்கோ வண்டி இக்கரையோடு நின்றுவிடும். மானின் குளிர்கால மயிர் உள்ளீடற்றது, உடல் மிதக்கும் என்பது உண்மைதான். ஆனால் திறந்த வயிற்றில் ஓடைத் தண்ணீர் புகும், வேகமான நீரில் மான் ஆளையும் சேர்த்து இழுக்கும். மேலே போனால் கணவாய் வரை 120 மீட்டர் ஏற்றம். விருந்தினருக்கு அறுபது தாண்டிய வயது. ஏற்றத்தில் ஒற்றை ஆளாக இருபது அடி இழுத்து நின்று, இருபது அடி இழுத்து நின்று, இருட்டில். வேண்டாம் என்றதில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

சுட்ட மானை இரவு அங்கேயே விட்டிருக்கலாமே என்றும் தலைமை ஸ்டாக்கர் கேட்டார். விடலாம்தான். ஈரமில்லாத மேட்டில் வயிற்றைத் தரைப்பக்கமாக வைத்து, மேலே ஒரு சட்டையைப் போட்டுவிட்டு வந்தால் நரி ஓரளவு தயங்கும், மனித வாசனைக்கு. காலையில் அண்டங்காக்கை அப்படித் தயங்காது. தடித்த மயிருக்குள் பின்தொடை எலும்பை ஒட்டிய சூடு இறங்காவிட்டால் உள்ளே அழுகல் பிடிக்கும். டிசம்பர் குளிரில் அந்த ஆபத்து குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்க மலைகளில் செய்வதுபோல நான்காகப் பிரித்து முதுகில் சுமக்கவும் முடியாது. இங்கே வியாபாரி தோலோடு முழு உடலாகத்தான் வாங்குவார். பயிற்சி பெற்றவர் கையெழுத்திட்ட சீட்டு அதில் தொங்க வேண்டும், உடல் 7 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும்.

ஆக, என் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. அந்த நியாயங்களை எண்ணி முடித்தபிறகுதான் அவர் கேள்வி கனக்கிறது. ஓநாய் இல்லாமல் போன நாட்டில் மான் எண்ணிக்கையைக் குறைப்பது பெரும்பாலும் துப்பாக்கிதான். பைன் கன்று முளைத்ததும் மான் மேய்ந்துவிடுகிறது. இதே ஹைலண்ட்ஸில் உள்ள க்ளென் ஃபெஷி பள்ளத்தாக்கில் மானைக் கடுமையாகக் குறைத்தபிறகு வேலியே இல்லாமல் பைன் எழுந்ததை எல்லோரும் போய்ப் பார்க்கிறோம். "எடுத்து வர முடியாத இடத்தில் சுடாதே" என்ற விதியைச் சரியாகக் கடைப்பிடித்தால், வண்டிப் பாதைக்குப் பக்கத்து மான் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் சாகும். துப்பாக்கிச் சத்தம் கேட்காத குழிவுகளுக்கு மான் கூட்டம் நகர்ந்துவிடும். அங்கே ஒரு கன்றும் தலை தூக்காது. என் எச்சரிக்கை ஒரு நாளைக்குச் சரி. அதையே பத்துப் பேர் பத்து ஆண்டு செய்தால் அது சரிதானா?

இறைச்சியை மலையிலேயே விட்டுவிடலாம், கழுகும் நரியும் தின்னட்டும் என்று சொல்பவர்களும் உண்டு. காட்டுக்கு அது நல்லது என்றும் வாதிடுகிறார்கள். என்னால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. நல்ல உணவு அது, கொன்றவன் கைப்பொறுப்பு.

பெண்மானைச் சுட அனுமதியுள்ள பருவம் பிப்ரவரி 15 வரை. அந்தக் குழிவுக்கு விருந்தினர் இல்லாமல் இரண்டு பேர் விடியலிலேயே போக வேண்டும். பிளாஸ்டிக் சறுக்குத்தட்டை முதல் நாளே கணவாயில் வைத்துவிடலாம். ஏற்றத்துக்குப் பாறையில் கப்பி மாட்டி நீளக் கயிறு. மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருக்க வேண்டும், காற்று மேற்கிலிருந்து வர வேண்டும். அங்கே மேற்குக் காற்று பெரும்பாலும் மழையோடுதான் வருகிறது.